புனிறு தீர்ந்த பின்: ஈன்ற பெண்ணும் தமிழிலக்கியமும்

தாய்மையைத் தமிழிலக்கியம் போற்றிய அளவுக்கு வேறெந்த உறவையும் போற்றியதில்லை என்னும் கூற்று, பட்டிமன்ற மேடைகளிலும் பாடநூல்களிலும் அடிக்கடி எடுத்தாளப்படுவது. கூற்றிலே பெரும் பிழையில்லை. ஆயின் போற்றப்பட்டது தாய்மையா, தாயா என்ற வினாவை எழுப்பும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. பிள்ளையைப் பெற்றவள் பெற்றபின் எவ்வாறு வாழ்ந்தாள், பேற்றின்போது நேர்ந்த கேடுகள் அவளது உடலையும் உறக்கத்தையும் தாம்பத்தியத்தையும் தொழிலையும் எவ்வாறு மாற்றின என்பன எவ்விடத்துப் பேசப்பட்டன என்று தேடுவார்க்குக் கிடைப்பது மிகச் சொற்பம். பிரசவத்தைப் பற்றிய கதைகூறலுக்கு வழக்கமாக இரண்டு முடிவுகளே உள. தாய் இறந்துபடுவாள், அல்லது பிள்ளையின் அழுகுரலோடு எல்லாம் இனிது நிறைவேறும். உயிர் தப்பி, ஆயினும் முன்போல் ஆகாமல், இருபது முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவளுக்கு இவ்விரு முடிவுகளிலும் இடமில்லை. அவளைப் பற்றிய இந்த மௌனம் எவ்வாறு உருவாயிற்று, எவ்விடங்களில் அது உடைந்தது என்பதைச் சில படைப்புகளை முன்வைத்து நோக்குவது பயனுடையதாகும்.

பழந்தமிழில் அவளது நிலையைக் குறிக்கத் தனிச்சொல் ஒன்று இருந்தது. ஈன்ற அணிமைநிலையைப் 'புனிறு' என்றனர். தொல்காப்பிய உரியியல் அச்சொல்லுக்குப் பொருள் வரைகின்றது. கற்பியலோ, புதல்வனைப் பெற்றவளின் புனிற்றுக் காலத்தையும் அவள் நெய்யணிந்திருப்பதையும் தலைவன் கூற்று நிகழும் சந்தர்ப்பங்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. கன்றீன்ற பசுவுக்கும் மகவீன்ற பெண்ணுக்கும் இச்சொல் பொதுவாக வழங்கியமை கவனிக்கத்தக்கது. அதிலே புனிதமும் இல்லை, தீட்டும் இல்லை. ஈன்ற உடம்பின் பசுமையையும் நொய்ம்மையையும் மட்டுமே அது சுட்டிற்று. இன்று வழக்கிலுள்ள 'பிள்ளைப்பேறு' என்னும் சொல்லோ வேறொரு கோணத்திலிருந்து பிறந்தது. பேறு என்பது பெறுவது. குடும்பம் அடைந்த ஊதியம். திருக்குறளில் இப்பொருள் பற்றிய அதிகாரம் 'மக்கட்பேறு' என வழங்குவதையும் ஈண்டு நினைவு கூரலாம். புனிறு அவளுக்கு நேர்ந்ததைச் சொன்னது; பேறு குடிக்குக் கிடைத்ததைச் சொல்கின்றது. முன்னைய சொல் வழக்கொழிந்து பின்னையது நிலைத்ததைத் தற்செயலான சொல்லாட்சி மாற்றமாக மட்டும் கொள்ளவியலாது.

நற்றிணையின் 40 ஆம் பாடல் இவ்விடத்து விரிவாக நோக்கத்தக்கது. காவலுடைய வீட்டில் மணி ஒலிக்கின்றது. மணல் பரப்பிய பந்தரின் ஒரு புறம் பாணர் காவல் நிற்கின்றனர். மகளிர் நற்சொல் கேட்டு நிற்கின்றனர். மெல்லிய விரிப்பில் செவிலியோடு புதல்வன் துயில்கின்றான். அச்செவிலியின் மேனியிலும் புனிற்றின் மணம் வீசுகின்றது. ஐயவியும் நெய்யும் அணிந்து, நெய் மிகப் பூசப்பெற்றுத் தளர்ந்த உடம்பினளாகிய தலைவி இமை மூடிக் கிடக்கின்றாள். நள்ளிரவில் தலைவன் கள்வனைப் போல உள்ளே வருகின்றான். சில அடிகளுள் இத்துணை நுட்பமாகப் பிரசவ அறை ஒன்றைத் தீட்டிய வேறொரு பழைய பாடலைக் காட்டுதல் அரிது. ஆயின் பாடலின் கூற்று யாருடையது? தலைவியினது அன்று, தோழியினதும் அன்று. தலைமகளுக்கு வேண்டியவர்கள் கேட்கும்படி பரத்தை சொல்லியதாகத் துறைக்குறிப்பு அமைந்துள்ளது. ஈன்றவளின் அயர்ச்சியைக் கூர்ந்து கண்டவள், அவளது போட்டியாளராகக் கருதப்படும் மற்றொரு பெண்ணே. மேலும், தலைவன் வந்தமைக்குப் பாடல் கூறும் காரணம் தலைவியின் நிலையன்று. தந்தையின் பெயர் தாங்கும் மகன் பிறந்தமையே. உடம்பைக் கண்ட பாடலே இறுதி அடியில் பார்வையைப் புதல்வன்பால் திருப்பிவிடுகின்றது. பிற்கால இலக்கியம் முழுவதும் சென்ற திசைக்கு இவ்வடி ஒரு கைகாட்டி எனலாம்.

அதே தொகையின் 370 ஆம் பாடலிற் பேசுபவன் தலைவனே. கடுஞ்சூலுற்று நம் குடிக்கு உதவினாள் என்று அவன் பாணனிடம் மனைவியைப் பற்றிக் கூறுகின்றான். 'கடுஞ்சூல்' என்பதற்கு முதற்சூல் என்று பொருள் கொள்வதுண்டு. எனினும் அச்சொல்லில் தங்கியுள்ள கடுமையை வாசகர் முற்றாக மறந்துவிட முடியாது. ஐயவியும் நெய்யும் விளங்கப் படுத்திருந்தவளை அணுகி, மகனைப் பெற்றதனாற் பெயர் மாறி முதுபெண்டாகி உறங்குகின்றாயோ என வினவி, அவளது வயிற்றிலே குவளை மலரை ஒற்றியதாகவும், அவள் மெல்ல முறுவலித்துக் கண்களைக் கையாற் பொத்தியதாகவும் அவன் நினைவுகூர்கின்றான். பாடல் இனிமை வாய்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் களைத்துத் துயில்பவளை எழுப்பிக் கேட்ட கேள்வி அது என்பதையும், அவள் கண்பொத்தியதை நாணமெனப் பொருள்படுத்துபவன் அவனே என்பதையும் மனங்கொள்ள வேண்டும். அவள் வாய் திறக்கவில்லை. பெயர் மாறிற்று என்ற தொடரும் எளிதிற் கடந்து போகத்தக்கதன்று. மனைவி என்ற நிலை நீங்கித் தாய் என்ற நிலை வந்தெய்தும்போது அவளிடமிருந்து எதிர்பார்க்கப்படுவனவும் மாறுகின்றன. ஊடல் நீடிப்பதையே இப்பாடலின் சந்தர்ப்பமாகக் கொள்வர். அன்று முறுவலித்தவள் இன்று ஊடுகின்றாளே என்பது அவன் குறை. இடைப்பட்ட காலத்தில் அவளுக்கு என்ன நேர்ந்தது என்ற வினா அகப்பாடலின் மரபுக்குள் எழவில்லை.

சங்கப் பாடல்கள் இந்த அளவேனும் கண்டன. பின்வந்த நூல்களில் ஈன்ற உடம்பு பெரும்பாலும் உவமையாகவும் அளவுகோலாகவும் சுருங்கிவிட்டது. மகனைச் சான்றோன் எனக் கேட்ட தாயின் மகிழ்ச்சியை அளப்பதற்கு ஈன்ற பொழுதின் மகிழ்ச்சியை வள்ளுவர் அளவாகக் கொண்டார். அக்குறளைப் படிக்கும் எவருக்கும் அப்பொழுது நோவின் பொழுதுமாகும் என்பது தோன்றாது. பட்டினத்தாரின் புலம்பலிலே தாய் பட்ட பாடு மெய்யாகவே பேசப்படுகின்றது. ஆயினும் அது மகனின் கடன்கணக்காக, அவள் இறந்தபின், ஈமத்தின் முன்னே பேசப்படுவது. உயிரோடிருந்தபோது அவளே அதைச் சொல்லியிருப்பின் எவ்வாறு சொல்லியிருப்பாள் என்பதற்கு அங்கு விடையில்லை.

பிள்ளைத்தமிழ் இவ்வகையில் மிகச் சிறந்த சான்று. காப்பு முதலாகப் பத்துப் பருவங்கள் கொண்ட இவ்விலக்கிய வகையின் முதற்பருவத்தை மூன்றாம் மாதத்துக்கு உரியதாகக் கொள்ளும் மரபுண்டு. அதாவது, தாயின் உடம்பு தேறியும் தேறாமலும் இருக்கும் மாதங்கள் கழிந்த பின்னரே பாட்டுத் தொடங்குகின்றது. (மகப்பேற்று ஓய்வுக்கென நம் நாட்டுச் சட்டம் வகுத்துள்ள 84 நாள்களும் ஏறத்தாழ இக்கால அளவினவே. சட்டம் ஓய்வளிக்கும் காலத்தை இலக்கியம் வெற்றிடமாக விட்டிருப்பது விந்தையான ஒற்றுமை.) புலவன் தாயின் குரலை இரவல் வாங்கிச் செங்கீரையாடவும் தாலுறங்கவும் முத்தந்தரவும் வேண்டுகின்றான். குரல் தாயினது, உடம்பு எவருடையதும் அன்று.

இவ்வாறான போற்றல் வெறும் அலங்காரமே, அதனால் எவருக்கும் தீங்கில்லை என்று சிலர் வாதிடக்கூடும். பாற்சுரப்பை எடுத்துக்கொண்டால் இவ்வாதத்தின் வலுவின்மை புலனாகும். போரில் மகன் வீழ்ந்த பெருமிதத்தால் முதியவளின் வற்றிய மார்பிலும் பால் ஊறியதாக ஔவையார் புறநானூற்றின் 295 ஆம் பாடலிற் பாடினார். வீரயுகக் கவிதைக்குரிய அந்த மிகையுரை, காலப்போக்கில் அன்புள்ளவளுக்குப் பால் சுரக்கும் என்ற பொதுநம்பிக்கையோடு கலந்துவிட்டது. அதன் மறுதலையும் தானே பின்தொடர்ந்தது: பால் சுரவாதவள் அன்பில்லாதவள். மருத்துவம் சொல்வதோ வேறு. பிரசவத்தின்போது கடுமையாகக் குருதி இழந்த சில பெண்களில், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி போதிய இரத்தமின்றிச் சிதைந்துபோவதுண்டு. 1937 இல் ஹரோல்ட் ஷீஹன் விளக்கிய இந்நோய்நிலை அவர் பெயராலேயே வழங்குகின்றது. பால் சுரவாது, மாதவிடாய் திரும்பாது, ஓயாத களைப்பும் குளிர் தாங்காமையும் பீடிக்கும், அறிகுறிகள் மெல்ல மெல்லத் தோன்றுவதால் நோய் இன்னதெனக் கண்டறியப் பல ஆண்டுகள் செல்வதுமுண்டு. அவ்வாண்டுகள் முழுவதும் அவள் வீட்டாரின் பார்வையில் சோம்பேறி; மாமியாரின் பார்வையில் பாலற்றவள். கவிதையிலிருந்து பழமொழிக்கும் பழமொழியிலிருந்து வீட்டு வசைக்கும் இறங்கிவந்த ஒரு கருத்துநிலை, நோயாளியைக் குற்றவாளியாக்கும் தன்மை இது.

மௌனத்துக்கு வரலாற்றுக் காரணமும் உண்டென்பதை மறுத்தல் நேர்மையாகாது. இலங்கையில் 1930 களில் ஓரிலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். நூறு பேற்றுக்கு இருவர் என்ற கணக்கு. அத்தகைய சூழலில் உயிர் மீண்டதே போதும் என்ற மனநிலை இயல்பானது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, வீடு தேடிச் செல்லும் குடும்பநல மருத்துவ மாதர், கட்டணமற்ற வைத்தியசாலைகள், கல்வி பெற்ற பெண்கள் ஆகிய யாவும் சேர்ந்து இந்த எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்தன. அண்மைய ஆண்டுகளில் அது பெரும்பாலும் நாற்பதுக்குக் கீழேயே நிற்கின்றது. ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றன. இது இந்நாடு பெருமைப்படத்தக்க சாதனை. ஆயின் மரணத்தை மட்டும் எண்ணும் அளவுகோல் மரணத்தோடு நின்றுவிடுகின்றது. பேற்றுக்குப் பின் 42 நாள்களுக்குள் நேரும் சாவே தாய்மரணம் எனப்படுகின்றது. அதன்பின் ஓராண்டு வரை நேர்வதற்குப் 'பிற்பட்ட' என்ற அடைமொழி உண்டு. சாகாமல், சிறுநீரை அடக்க இயலாமல், மலவாய்த் தசை கிழிந்து சரிவரக் கூடாமல், கருப்பை கீழிறங்கி, சத்திரசிகிச்சைப் புண் சீழ்கட்டி ஆறி, மீண்டும் கணவனோடு சேர அஞ்சி வாழ்பவளுக்கு அப்புள்ளிவிவரத்தில் நிரலில்லை. முன்பு இறந்திருக்கக்கூடியவர்கள் இன்று பிழைக்கின்றனர் என்பதே, பிழைத்தபின் உள்ள வாழ்வைப் பற்றிய கேள்வியை முன்னெப்போதிலும் கூர்மையாக்கியுள்ளது.

வீட்டுமொழியும் அவளுக்கு அதிகம் உதவுவதில்லை. யாழ்ப்பாணத்து வழக்கில் பிள்ளை பெற்ற வீட்டுக்கென ஒரு சொற்றொகுதியே உண்டு: துடக்கு, பத்தியம், சரக்குக்கறி, வேது. மிளகும் உள்ளியும் மஞ்சளும் அரைத்த கறியும், இலைகள் அவித்த வெந்நீர்க் குளிப்பும், அடுக்களைக்குட் புகாமல் அறையிலே கிடக்கும் உரிமையும் இச்சொற்களோடு வந்தன. துடக்கு என்ற கருத்தினை மூடநம்பிக்கையென ஒரே வீச்சில் ஒதுக்கும் சீர்திருத்த எழுத்துகள், உழைக்கும் பெண்ணுக்கு அது தந்த கட்டாய ஓய்வைக் கவனிக்கத் தவறின. எனினும் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்ததும் இச்சொற்களும் கழிந்துவிடுகின்றன. முப்பத்திரண்டாம் நாளுக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் உரிய சொல் எதுவும் இல்லை. 'உள்வருத்தம்', 'சொல்லேலாத வருத்தம்' என்ற சுற்றுவழிகளே எஞ்சுகின்றன. சொல்லில்லாத நோயை வைத்தியரிடம் முறையிடுவது எங்ஙனம்?

சொல்லை உருவாக்கும் ஆற்றல் தமிழுக்கு இல்லாதிருந்தது என்பதும் பொருந்தாது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தம் மாணவர்களுக்காக ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியை மேற்கொண்டார். அவ்வரிசையில் முந்தியவற்றுள் ஒன்று 1857 இல் வந்த பிரசவ வைத்தியம். முதற்றமிழ் நாவலாகக் கொள்ளப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது 1879 இலேதான். (கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டதும் அவ்வாண்டே.) ஆகவே பெண்ணின் உடம்பை நோக்கிப் பேசக்கூடிய உரைநடை, நாவல் தோன்றுவதற்கு இரு தசாப்தங்களுக்கு முன்னரே ஈழத்தில் ஆக்கப்பட்டுவிட்டது. புனைகதை அதனைக் கையேற்கவில்லை. மருத்துவ உரைநடை வைத்தியரின் மேசையிலும் புனைகதை வரவேற்பறையிலும் தனித்தனியே வளர்ந்தன.

இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்தால் என்ன நிகழும் என்பதை அமெரிக்காவில் எழுதப்பட்ட ஒரு சிறுகதையிற் காணலாம். சார்லட் பேர்க்கின்ஸ் கில்மனின் 'மஞ்சள் சுவர்த்தாள்' 1892 இல் வெளிவந்தது. 1885 இல் மகளைப் பெற்றபின் அவர் கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். 1887 இல், அக்காலத்திற் புகழ்பெற்ற நரம்புநோய் வைத்தியரான வியர் மிச்செலின் 'ஓய்வுச் சிகிச்சை'யைப் பெற்றார். படுக்கை, மிகையுணவு, தனிமை. அதன்பின், வீட்டுவாழ்விலேயே மூழ்கியிருக்கவும், அறிவுழைப்பை நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் அடக்கவும், பேனையைத் தொடாதிருக்கவும் அறிவுரை. அதனைப் பின்பற்றியதாற் பித்தின் விளிம்புக்கே சென்றதாகப் பின்னர் கில்மன் எழுதினார். எழுத்தாளருக்குப் பேனையே விலக்கப்பட்ட மருந்து!

கதைசொல்லியும் அண்மையிற் பிள்ளை பெற்றவள். கணவன் ஜோன் வைத்தியன், அன்பானவன், அவள் சொல்லும் எதையும் நம்பாதவன். வாடகைக்கு எடுத்த பெருவீட்டின் மேல்மாடி அறையில், சன்னல்களிற் கம்பி பொருத்திய பழைய குழந்தைகள் அறையில், அவள் வைக்கப்படுகின்றாள். குழந்தையைப் பிறிதொருத்தி பார்த்துக்கொள்கின்றாள். அவள் களவாக எழுதுகின்றாள்; எவரேனும் வரும் அரவம் கேட்டால் தாளை மறைக்கின்றாள். கதை முழுவதும் அக்களவெழுத்தே. சுவரிலே ஒட்டிய மஞ்சள்தாளின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டுக் கம்பிகளைப் பற்றி உலுக்குவதாக நாளடைவிற் காண்கின்றாள். இறுதியிலே தாளைக் கிழித்து, மயங்கிக் கிடக்கும் கணவனின் மேலாகவே சுற்றிச் சுற்றித் தவழ்கின்றாள்.

இக்கதையின் வெற்றி அதன் பொருளிலும் பார்க்க அதன் கூற்றுமுறையிலேயே தங்கியுள்ளது. நோயாளியைப் பற்றி வைத்தியனான கணவன் கூறியிருப்பின் அது நோய்க்குறிப்பு. ஆசிரியர் படர்க்கையிற் கூறியிருப்பின் அனுதாபக் கதை. அவளே சொல்வதாலும், சொல்வதே தடைசெய்யப்பட்டிருப்பதாலும், ஒவ்வொரு வாக்கியமும் மீறலாகின்றது. குழந்தையைப் பற்றி அவள் அதிகம் பேசாமையும் நுட்பமானது. குழந்தை அன்பிற்குரியது, அதனோடு இருக்க அவளால் முடியவில்லை, இரண்டும் ஒருங்கே உண்மை. நம் தாய்மை இலக்கியம் ஒருபோதும் அனுமதித்திராத ஓர் இணைப்பு இது. குறைபாடும் இல்லாமலில்லை. கில்மனின் பெண்ணுக்குப் பணிப்பெண்ணும் மேல்மாடியும் உண்டு. அவளை வாட்டுவது மிகை ஓய்வு. உலகின் பெரும்பாலான தாய்மாரை வாட்டுவது ஓய்வின்மை. இவ்வர்க்க எல்லையைக் கருத்திற் கொள்ளாது இக்கதையை உலகப் பெண்ணின் ஒரே குரலாகக் கொண்டாடுவது பொருந்தாது.

1987 இல், எடின்பரோ நகரின் பெயரால் வழங்கும் பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு அளவீடு ஆக்கப்பட்டது. பத்து வினாக்கள், கடந்த ஏழு நாள் பற்றியவை, முதல் வினா அவளால் நகைக்க முடிகின்றதா என்பது. பல மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் வழங்கும் இவ்வினாக்கொத்தை ஓர் இலக்கியப் பிரதியாக வாசிப்பதில் தவறில்லை. கில்மனின் கதையில் எவரும் அவளிடம் கேளாத கேள்விகளை அது கேட்கின்றது. அவ்வளவில் அது நாகரிகத்தின் ஒரு முன்னேற்றம். ஆயின் உடற்களைப்பு, உடல்நோவு முதலியன திட்டமிட்டே அதில் விடப்பட்டன. பிள்ளை பெற்ற எவளுக்கும் அவை இயல்பாதலால் மனச்சோர்வைப் பிரித்தறிய உதவா என்பது காரணம். அறிவியல் நோக்கில் இம்முடிவு சரியானதே. அதன் விளைவாக, அழுகையை விசாரிக்கும் தாள் அழுகைக்குக் காரணமான கிழிசலை விசாரிப்பதில்லை. உடம்பும் மனமும் வெவ்வேறு அறைகளில், வெவ்வேறு உத்தியோகத்தரால் கேட்கப்படுகின்றன. வாழ்க்கையிலோ நாற்றம் வீசுமோ என்ற அச்சத்தால் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகாதிருப்பவளிடம் அவ்விரண்டும் பிரிந்திருப்பதில்லை.

இனி, உழைக்கும் பெண்ணின் வாய்மொழியை நோக்கலாம். தாலாட்டு ஒன்றுதான் பிள்ளை பெற்றவள் தன் சொந்தக் குரலிற் பாடுவதற்குச் சமூகம் அனுமதித்த சந்தர்ப்பம். மாமன் சீரைப் பாடுவது போலத் தொடங்கிப் பிறந்தகத்தின் புறக்கணிப்பையும் புகுந்தகத்தின் கொடுமையையும் இடையிடையே நுழைத்துவிடுவது தாலாட்டின் இயல்பு. முறையீடு சொல்லப்படுகின்றது, ஆனால் மொழி விளங்காத சிசுவிடம் சொல்லப்படுகின்றது. கேட்க வேண்டியவர்கள் அதைப் பாட்டென்று கேட்டுவிட்டுப் போகலாம். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் போன்ற நூல்களைப் பயன்படுத்திய விமர்சகர் பலர் கங்காணியின் கொடுமையையும் கூலிப் பிரச்சினையையும் அவற்றிற் கண்டனர். அது சரியான வாசிப்பே. ஆயினும் கூடையைத் தலையில் மாட்டி மலையேறுபவள் எத்தனையாவது பிள்ளையைப் பெற்று எத்தனை நாளானவள் என்று அவ்விமர்சனம் பெரும்பாலும் வினவவில்லை. பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கட்டுத்துணியோடு கொழுந்து பறிப்பவளுக்கு நிறை குறைந்தால் அரைப்பேர்தான். நிறை ஏன் குறைந்தது என்பதைத் தராசு அறியாது. ஏங்கல்ஸ் 1884 இலேயே, குடும்பம் பற்றிய தமது நூலின் முன்னுரையில், வாழ்வுச் சாதனங்களின் உற்பத்தியையும் மனிதரின் உற்பத்தியையும் ஒருங்கே வரலாற்றின் அடிப்படைகளாகச் சுட்டினார். அவரைப் பலகாலும் மேற்கோள் காட்டிய நம் முற்போக்கு விமர்சனம் முதற்பகுதியை மட்டும் கையாண்டது.

சட்டத்தின் நடையும் இதே பார்வையைக் காட்டிற்று. 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் உழைக்கும் பெண்களுக்குக் கிடைத்த முக்கிய பாதுகாப்பு. ஆயினும் 2018 இன் திருத்தம் வரும்வரை, முதலிரு பிள்ளைகளுக்கு 84 நாளும் மூன்றாவதிலிருந்து 42 நாளும் என்ற வேறுபாடு நடைமுறையிலிருந்தது. மூன்றாம் முறை பெற்ற உடம்பு பாதி நாளில் தேறும் என்று எந்த வைத்தியமும் சொன்னதில்லை. குடும்பத்தின் அளவைப் பற்றிய கொள்கை ஒன்று அவளது உடம்பின்மேல் எழுதப்பட்டிருந்தது.

தற்காலத் தமிழ்க் கவிதையில் இம்மௌனத்தை நேரடியாக உடைத்த படைப்பாகச் சல்மாவின் 'இரண்டாம் ஜாமத்துக் கதை'யைக் குறிப்பிடலாம். 2000 இல் வெளிவந்த ஒரு மாலையும் இன்னொரு மாலையும் என்ற தொகுதியில் அது இடம்பெற்றது. பிள்ளைகளைப் பெற்றபின்னான இரவுகளிலே கணவன் அவளது உடம்பில் பழைய அழகைத் தேடி ஏமாறுகின்றான். பருத்த மேனியும் பேற்றின் வரிகள் கொண்ட வயிறும் தனக்கு அருவருப்பூட்டுவதாகவும், தன் உடம்போ மாறாதது என்றும் கூறுகின்றான். கவிதை அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. அவன் கூறியதை அப்படியே எடுத்து அவன் முன் வைக்கின்றது. பெண் கவிஞர்கள் உடம்பைப் பாடுவது ஆபாசம் என்ற கூக்குரல் அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழகத்தில் எழுந்தது. அக்கூக்குரல் எழுப்பியோர் தம் சங்க இலக்கியத்தை மறந்தவராதல் வேண்டும். முற்கூறிய நற்றிணைப் பாடலிலும் அவ்வரிகள் உள்ளன. ஈன்றவளின் இடைக்குக் கீழே படர்ந்த அழகிய வரிகளையுடைய 'திதலை'யை அத்தலைவன் பாராட்டியே பேசுகின்றான். அச்சொல்லுக்குத் தேமல் என உரைகாரர் பொருள் எழுதிச் சென்றனர். ஒரே வரிகள் ஒருவனுக்கு அழகாகவும் மற்றவனுக்கு அருவருப்பாகவும் தோன்றியுள்ளன. அவை நோகின்றனவா என்று இருவரும் கேட்கவில்லை. ஆனால் முன்னைய பாடலில் வரிகளைப் பற்றிய பேச்சு பாணனுக்குச் சொல்லப்பட்டது. சல்மாவின் கவிதையில் அது கணவனை முன்னிலைப்படுத்தி, அவ்வயிற்றுக்கு உரியவளாற் சொல்லப்படுகின்றது.